கணக்கெடுக்க வரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 2027 பிப்ரவரியில் கையில் மொபைலோடு எங்கள் தெருக்களுக்குள் வரப்போகிறீர்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை என்று 1881 முதல் விடாமல் நடந்துவந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2021இல் கொரோனாவால் தள்ளிப்போய், 2011க்குப் பிறகு இப்போதுதான் நடக்கிறது. பாடம் நடத்துவது, விடைத்தாள் திருத்துவது, தேர்தல் பணி எல்லாவற்றுக்கும் மேலே இதையும் உங்கள் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கப் போகிறவர்களிடம் நீட்டி முழக்குவது நியாயமில்லை. கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் இருக்கும் பெண் என்ன வேலை செய்கிறார் என்ற கேள்வி வரும்போது, அந்தப் பெண்ணையே கூப்பிட்டுக் கேளுங்கள். வாசலில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதைப் பதிந்துகொண்டு அடுத்த வீட்டுக்கு நகராதீர்கள்.

இவ்வளவுதான் கோரிக்கை. ஏன் இப்படிப் பிடிவாதமாகக் கேட்கிறேன் என்பதற்குத்தான் இந்த மடலின் மிச்சம் முழுவதும்.

என் ஆச்சி 2024இல் தொண்ணூறாவது வயதில் சாத்தூரில் காலமானார். 1951 வைகாசியில் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தவர், கடைசிவரை ஒரே தெருவில் ஒரே வீட்டில் இருந்தார். வெளியூர் என்றால் அவருக்கு இருக்கன்குடி. ஆடி கடைசி வெள்ளிக்கு மாரியம்மனைப் பார்க்கக் கும்பலோடு நடந்தே போவார். மதுரையைக் கண் ஆபரேஷனுக்காகப் பார்த்தார். சென்னையை என் சித்தப்பா வீட்டு விசேஷத்தில் பார்த்தார், பார்த்துவிட்டு, “இத்தனை பேருக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்று மட்டும் கேட்டார். கடற்கரை, உயரமான கட்டடங்கள் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாத்தூரில் வாழ்ந்த பெண்ணுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும். வைப்பாறு எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஆனால் வருடத்தில் பெரும்பாலான நாள் அது மணல்தான். ஆச்சி வந்த புதிதில் ஆற்று மணலைக் கையால் தோண்டி, ஊற்று சுரக்கும்வரை பக்கத்தில் குத்தவைத்திருந்து, சிரட்டையால் கோரிக் குடத்தில் ஊற்றிக்கொண்டு வரவேண்டும். அவசரப்பட்டுக் கோரினால் கலங்கிவிடும். கலங்கினால் மறுபடியும் தெளியக் காத்திருக்க வேண்டும். விடியுமுன் போனால்தான் நல்ல ஊற்று கிடைக்கும் என்பதால் பொழுது விடிவதற்குள் அவருடைய நாளில் பாதி முடிந்திருக்கும். பிறகு தெருக்குழாய் வந்தது, குழாயடிச் சண்டை வந்தது, வீட்டுக்குள் குழாய் வந்தது. குழாயைத் திறந்துவைத்துவிட்டுப் பல் தேய்க்கும் பேரப்பிள்ளைகளை அவர் பார்த்த பார்வையில் ஒரு வைவு இருக்கும்.

1941 முதல் 2011 வரை எட்டுக் கணக்கெடுப்புகளில் ஆச்சியும் ஒரு தலையாக எண்ணப்பட்டிருக்கிறார். முதல் இரண்டும் பிறந்த கிராமத்தில். மற்ற ஆறும் சாத்தூர் வீட்டில். வீடு இருந்த இடத்திலேயே இருந்தது, மேல்விலாசம்தான் மாறிக்கொண்டே வந்தது. 1961இல் அது மதராஸ் மாநிலம், ராமநாதபுரம் மாவட்டம். 1971இல் தமிழ்நாடு. 1991இல் காமராஜர் மாவட்டம். 2001இல் விருதுநகர் மாவட்டம். இத்தனை மாறியும், ஆச்சியின் பெயருக்கு நேரே தொழில் என்ற இடத்தில் எழுதியது மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். அந்தத் தாள்களை எடுத்துப் பார்க்க வழியில்லை. 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் விவரம் ரகசியம். அது அப்படி இருப்பதே நல்லது. ஆனால் 2001இல் எங்கள் வீட்டில் கணக்கெடுத்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன்.

வந்தவர் உங்களைப் போல ஓர் ஆசிரியர். மரியாதையானவர். திண்ணையில் தாத்தாவுக்கு எதிரே உட்கார்ந்து, தொடையில் அட்டையை வைத்து எழுதினார். எல்லாக் கேள்விக்கும் தாத்தாதான் பதில். ஆச்சிக்கு என்ன வயது? “அறுபது இருக்கும்.” அப்போது அவருக்கு அறுபத்தேழு. எழுதப் படிக்கத் தெரியுமா? “அதெல்லாம் இல்லை.” தினமும் மத்தியானம் நாளிதழை விரித்துவைத்து எழுத்துக் கூட்டிக் கூட்டி ஊர்வம்பு வரை வாசிக்கிறவர் ஆச்சி, மூன்றாம் வகுப்புவரை போனவர். வேலை? “வீட்டில்தான் இருக்கிறாள்.” பேனா ஓடியது. அடுத்து, பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்ற கேள்வி.

“நாலு” என்றார் தாத்தா.

அடுப்படியிலிருந்து ஆச்சியின் குரல் வந்தது. “ஆறு.”

தாத்தா திரும்பிப் பார்க்கவில்லை. ஆசிரியர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, எழுதியதைத் திருத்தினார். பிறந்தது ஆறு, இருப்பது நாலு. தங்காமல் போன அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அரசாங்கத்தின் கேள்வி ஒன்று சமையலறைவரை கேட்டதால்தான் அவர்கள் கணக்கில் வந்தார்கள். பெற்றவளுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும் என்பதும் அன்றைக்கு வந்த ஆசிரியருக்குப் புரிந்திருக்கும். வயதையும் படிப்பையும் வேலையையும் பற்றி ஆச்சி குறுக்கே பேசவில்லை. அவையெல்லாம் யார் சொன்னால் என்ன என்று விட்டுவிட்டார் போலும்.

இவ்வளவும் நடந்தபோது கொல்லையில் ஒரு பசு கட்டியிருந்தது. ஆச்சியின் மாடு. தீவனம் வைப்பது, கறப்பது, தெருவில் சில வீடுகளுக்கு ஊற்றுவது, மாதக் கடைசியில் காசு வாங்குவது எல்லாம் அவர்தான். 2001 கணக்கெடுப்பின் விளக்கக் குறிப்பே என்ன சொல்கிறது தெரியுமா? குடும்பத் தேவைக்கு மட்டும் மாடு வைத்துப் பால் கறந்தாலும் அது வேலைதான். அப்படிச் செய்பவர் உழைப்பாளர்தான். விற்றிருக்கக்கூட வேண்டாம். ஆக, விதி ஆச்சியின் பக்கம் இருந்தது. கொல்லையில் மாடு நின்றது. திண்ணைக்கும் கொல்லைக்கும் நடுவில் கேள்வி நின்றுபோனது.

மாட்டுக்கு முன்னால் தீப்பெட்டி இருந்தது. அதைச் சொல்லாமல் ஆச்சியின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

தாத்தாவுக்குப் பேனா நிப் பட்டறையில் வேலை. ஒரு காலத்தில் சாத்தூர் என்றால் காராச்சேவு, வெள்ளரிக்காய், அதற்கு அடுத்து நிப். சின்னச் சின்னப் பட்டறைகளில் தகட்டை வெட்டி, வளைத்து, முனையைப் பிளந்து, மெருகேற்றி மூட்டை மூட்டையாக வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். பால்பாயின்ட் பேனா வந்து பரவியதும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. தாத்தாவுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இருக்காது. வேலை இல்லாத நாளிலும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு பட்டறைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். கேட்பவர்களிடம் கடைசிவரை அவர் நிப் தொழிலாளிதான். படிவத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும். சோறு வந்தது தீப்பெட்டியிலிருந்து.

1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி ஆலை தொடங்கிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று கரிசல் பூமி முழுக்கப் பரவியது. மழை பொய்த்த மானாவாரி நிலத்தில் வேறு என்ன பிழைப்பு? மருந்து முக்குவது ஆலையில் நடக்கும். பெட்டி செய்வது வீடுகளில் நடக்கும். ஏஜெண்ட் கொடுத்துவிட்டுப் போகிற கட்டில் மெல்லிய மரச்சீவல்கள் இருக்கும், மடக்க வேண்டிய இடத்தில் கோடு விழுந்திருக்கும். கூடவே ஊதாத் தாள். பசையை ஆச்சியே காய்ச்சுவார்: மைதா மாவில், பூச்சி வராமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போட்டு.

அவர் ஒட்டுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு பலகையில் பசையைத் தடவி அதன்மேல் தாள்களை விசிறி போலப் பரப்பிவைப்பார். இடது கை ஒரு சீவலை எடுக்கும். எடுக்கும்போதே அது நான்காக மடங்கிவிடும். வலது கையின் ஒரு விரல் ஒரு தாளை எழுப்பும். சீவல் தாளின்மேல் உருளும், கட்டைவிரல் ஓரத்தை ஒருமுறை நீவும், பெட்டி பின்னால் இருக்கும் குவியலில் விழும். கண் இதில் இருக்காது. கண் அடுப்பில் இருக்கும், அல்லது வாசலில் ஓடும் பிள்ளைமேல் இருக்கும், வாய் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும். 144 பெட்டி ஒரு குரோஸ். குரோஸ் கணக்கில்தான் கூலி. கூலி எவ்வளவு சொற்பம் என்பதை அந்தக் குவியலின் உயரத்தைப் பார்த்தால் புரியும். சுவர் மறையும் அளவுக்கு ஒட்டினால்தான் வாரச் செலவுக்கு ஆகும். சோறு பிசையும் முன் புளி போட்டுத் தேய்த்துக் கை கழுவுவார். மயில்துத்தம் நகக்கண்ணில் தங்கிவிடக் கூடாதே என்ற பயம். என் அத்தைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒட்டினார்கள். விடுமுறையில் நானும் ஒட்டியிருக்கிறேன், எனக்கு அது விளையாட்டு. அத்தைகளுக்கு விளையாட்டாக இருந்திருக்காது; அவர்களில் மூத்தவர் ஆறாம் வகுப்போடு நின்றதற்கு அந்தக் குவியலும் ஒரு காரணம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கணக்கு எழுத ஏஜெண்ட் ஒரு சிட்டை கொடுத்திருந்தார். வாரா வாரம் எத்தனை குரோஸ், முன்பணம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் இருக்கும். சிட்டையின் மேலே எழுதியிருந்த பெயர் தாத்தாவுடையது. தாத்தா வாழ்நாளில் ஒரு பெட்டி ஒட்டியதில்லை. எங்கள் தெருவில் எல்லாச் சிட்டைகளும் அப்படித்தான் என்று அம்மா சொல்வார். பிறகு அட்டைப்பெட்டி வந்தது, இயந்திரம் வந்தது, வீட்டுக்கு வரும் கட்டு நின்றது. அந்தக் காசில் மிச்சம் பிடித்துத்தான் ஆச்சி மாடு வாங்கினார்.

இப்போது உங்கள் படிவத்துக்கு வருகிறேன். கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பது பெரிய விஷயமா என்று தோன்றலாம். 1961 கணக்கெடுப்பில், வேலைக்காலத்தில் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்தாலே உழைப்பாளர் என்று எழுதச் சொன்னார்கள். இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் உழைப்பாளர்கள் என்று கணக்கு வந்தது. 1971இல் கேள்வியை மாற்றினார்கள். முதன்மையாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். பெண் உழைப்பாளர் பங்கு ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. பத்து வருடத்தில் பாதிப் பெண்கள் நாற்றையும் களைக்கொத்தையும் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்களா என்ன? 1981இல் ஆண்டுக்கு 183 நாள் என்று ஒரு வரம்பு வைத்து முதன்மை உழைப்பாளர், குறுகிய கால உழைப்பாளர் என்று பிரித்தார்கள். 1991இல்தான், சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் கூலியில்லாமல் உழைப்பதையும் சேர்த்து என்ற வரியைக் கேள்விக்குள்ளேயே எழுதினார்கள். அந்த ஒரு வரிக்காகப் பொருளாதார அறிஞர்களும் பெண்கள் அமைப்புகளும் வருடக்கணக்காக மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அந்த வரியைத் திண்ணையில் இருப்பவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு வந்தால் என்ன பயன்?

கூலி வாங்கும் வேலை, மாடு, குடும்பத் தொழில் எதுவும் இல்லாமல் சமையலும் பிள்ளை வளர்ப்புமாகவே இருக்கும் பெண்களுக்கு கடந்த கணக்கெடுப்புகளின் படிவத்தில் ‘வீட்டு வேலை’ என்ற பிரிவு இருந்தது. பொருளாதாரம் சாராத செயல்பாடு என்ற தலைப்பின் கீழ், மாணவர், பிறரைச் சார்ந்திருப்பவர், ஓய்வூதியர், பிச்சை எடுப்பவர் வரிசையில் அது வந்தது. இந்த வகைப்பாட்டை 2010இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமே கடுமையாகக் கண்டித்தது. 2021 ஜனவரியில் வந்த இன்னொரு விபத்து வழக்கின் தீர்ப்பில் நீதிபதி ரமணா 2011 கணக்கெடுப்பையே எடுத்துக்காட்டினார்: வீட்டு வேலையே தங்கள் முதன்மையான வேலை என்று சொன்ன பெண்கள் ஏறத்தாழ 15.98 கோடி, ஆண்கள் 57.9 லட்சம். ஒன்றிய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாகவும், ஆண் 97 நிமிடம் செலவிடுவதாகவும் வந்தது. எங்கள் தாத்தா எந்த 97 நிமிடத்தைச் செலவிட்டார் என்று தெரியவில்லை. ரேடியோவுக்குப் பேட்டரி மாற்றியதைச் சேர்த்துக்கொள்ளலாம். சென்னை உயர் நீதிமன்றம் 2023இல், கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தமிழ்நாடு அரசு உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது. நீதிமன்றமும் அரசும் இவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டன. வாசலில் கேட்கும் கேள்வி மட்டும் நகராமல் இருந்தால் எப்படி?

ஆச்சியைத் தெய்வமாக்குவதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. அவர் என் அம்மாவைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. மாப்பிள்ளைகள் வந்தால் இலையில் முட்டை இருக்கும், மருமகளுக்குக் குழம்பில் முட்டையின் வாசம் இருக்கும். கடன் கொடுத்தால் வட்டியை மறக்கமாட்டார். பேரன்களுக்கு ஒரு தராசு, பேத்திகளுக்கு ஒரு தராசு. அவர் இறந்தபோது தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில், குடும்பத்துக்காகவே தேய்ந்த குலவிளக்கு என்று அச்சடித்திருந்தார்கள். கீழே மகன்கள் பெயருக்குப் பக்கத்தில் அவரவர் உத்தியோகம், பேரப்பிள்ளைகள் பெயருக்குப் பக்கத்தில் பி.இ., எம்.எஸ்சி., என்று பட்டங்கள். நடுவில் பெரிய படத்தில் ஆச்சி. அவர் பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லை. குலவிளக்கு என்று எழுத ஒருவருக்கும் தயக்கமில்லை. முப்பது வருடத் தீப்பெட்டித் தொழிலாளி, பால் வியாபாரி என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுதியிருந்தால் என் சித்தப்பாவுக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டிருக்கும்.

ஓர் இடத்தில் மட்டும் ஆச்சி தன்னை ஓர் ஆளாக உணர்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். 1957 தேர்தல். காமராஜர் அப்போது முதலமைச்சர். சாத்தூர் தொகுதியில்தான் நின்றார். ஆச்சிக்கு அதுதான் முதல் ஓட்டு. சாவடியில் இருந்தவர் பெயரைக் கேட்டாராம். பின்னால் நின்ற தாத்தா வாயைத் திறக்குமுன், “அவர்களே சொல்லட்டும்” என்றாராம் அந்த அதிகாரி. வயதான பிறகு எத்தனையோ மறந்துபோயும் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அப்படியே அதே குரலில் சொல்வார். நாட்டின் முதல் பொதுத்தேர்தல் பட்டியலில், சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொன்னதால் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்களை, பெரும்பாலும் வட மாநிலங்களில், நீக்க வேண்டியிருந்தது என்பது வரலாறு. அந்தப் பெண்களின் பெயரைக் கேட்டு வாங்குவதை ஒரு கடமையாகவே எடுத்துக்கொண்டுதான் தேர்தல் ஆணையம் அடுத்த தேர்தலுக்குள் பட்டியலைச் சீர்செய்தது.

உங்கள் சட்டம் இந்த விஷயத்தில் வேறு மாதிரி. 1948 சட்டத்தின்படி நீங்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் தன் வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கணவன் பெயரைச் சொல்லும்படி எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆச்சி ஒருநாளும் தாத்தா பெயரை உச்சரித்ததில்லை என்பதால் இரண்டாவது சலுகை அவருக்குப் பயன்பட்டிருக்கும். முதலாவது சலுகையைப் படிக்கும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யாருடைய வெட்கத்தைக் காப்பாற்ற எழுதிய வரி அது?

இந்த முறை ஒரு புது ஆபத்தும் இருக்கிறது. முதன்முதலாக எல்லாம் டிஜிட்டல். குடும்பத்தாரே மொபைலில் விவரங்களை நிரப்பிக்கொள்ளலாம் என்கிறார்கள். வசதிதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நிரப்பப்போவது யார்? மகன், பேரன், வெளியூரில் இருக்கும் மாப்பிள்ளை. “அம்மாவுக்கு என்ன போடுவது?” “வீட்டு வேலை என்று போடு.” இரண்டு வினாடியில் முடிந்துவிடும். திண்ணையில் கேட்டாலாவது அடுப்படிவரை சத்தம் கேட்கும். மொபைல் திரைக்கு அந்தப் பேறும் கிடையாது. ஏற்கெனவே நிரப்பிவிட்டோம் என்று சொல்லும் வீடுகளிலும், சரிபார்க்கும் சாக்கில் பெண்களிடம் இரண்டு வார்த்தை பேச முடிந்தால் பேசுங்கள்.

கேள்வியின் வாசகம் எப்படி அமைந்தாலும் சரி, ‘வேலை செய்கிறீர்களா?’ என்று ஒற்றையாகக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ஆச்சியைக் கேட்டிருந்தாலும் அவரே அப்படித்தான் சொல்லியிருப்பார். வேலை என்றால் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போவது என்றுதான் அவரும் நினைத்திருந்தார். அதனால் ஊருக்கு ஏற்ற மாதிரிக் கேளுங்கள். எங்கள் பக்கம் என்றால் பெட்டி ஒட்டுகிறீர்களா, பட்டாசுக்குத் திரி திரிக்கிறீர்களா என்று. தென்காசிப் பக்கம் என்றால் பீடி சுற்றுகிறீர்களா என்று. மாடு, ஆடு, கோழி யார் பார்க்கிறார்கள் என்று எல்லா ஊரிலும் கேட்கலாம். கடையில் மத்தியானம் அவர் சாப்பிட வரும்போது யார் உட்காருகிறார்கள்? பூ கட்டிக் கொடுக்கிறீர்களா? ஜாக்கெட் தைக்கிறீர்களா? முறுக்கு சுட்டு யார் கடைக்காவது போடுகிறீர்களா? உங்களுக்கு இதெல்லாம் தெரியும். உங்களில் பாதிப்பேர் பெண்கள், மிச்சப்பேர் அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு வீட்டுக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும். நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஐந்து ஐந்து நிமிடம் என்றால் அது எவ்வளவு பெரிய சுமை என்பதும், கிடைக்கும் மதிப்பூதியம் அதற்கு ஈடில்லை என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. மேலதிகாரிகள் இந்த மடலைப் படித்தால், அந்த ஐந்து நிமிடத்துக்கும் சேர்த்து வீடுகளைப் பிரித்துக் கொடுக்கும்படி அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆச்சிக்கு இனி எந்தக் கட்டத்திலும் இடமில்லை. 2011இல் கடைசியாக எண்ணப்பட்டபோது தாத்தா இல்லை, என் சித்தப்பா பதில் சொன்னார். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் உயிரோடு இருந்தார். அதற்குள் யாரும் கேட்க வரவில்லை. அந்த வீட்டில் இப்போது என் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்றவர், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். நீங்கள் கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்வார். அம்மா தெருவில் நான்கைந்து வீடுகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறார், பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். அப்பாவுக்கு அது பொழுதுபோக்கு. அம்மாவையே கேளுங்கள், கணக்கு நோட்டே வைத்திருக்கிறார். காலை பதினொரு மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன்னால் அவருக்கு நேரம் இருக்காது.

இப்படிக்கு,
சாத்தூர்ப் பேத்தி ஒருத்தி